டர்போவா, வேறு எஞ்சினா? ஏற்றத்தில் திணறும் பழைய வண்டிக்கு எது பொருந்தும்

என் மனைவியின் தம்பிக்குக் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஏற்றி இறக்க ஒரு பழைய மாருதி ஜிப்சி வைத்திருக்கிறான். போன மழைக்காலத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தவன், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான். "அத்தான், வண்டி ஏத்தம் ஏறவே மாட்டேங்குது. டர்போ வச்சிரலாமா, இல்ல பலேனோ எஞ்சினைத் தூக்கி வச்சிரலாமா?"

இதே கேள்வியை நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சிலர் ஜிப்சிக்கு, சிலர் எஸ்டீமுக்கு, தோட்டக்காரர்கள் மஹிந்திரா ஜீப்புக்கு. எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

## எதை வைத்து அளப்பது

குதிரைத்திறனை வைத்துத்தான் எல்லாரும் பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் வேறு நான்கு விஷயங்களை முதலில் பார்ப்பேன்.

முதலாவது, எஞ்சின் எந்த வேகத்தில் சுற்றும்போது இழுவை வேண்டும் என்பது. கீரிப்பாறை, காளிகேசம் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் வண்டி முதல் கியரிலோ இரண்டாவது கியரிலோ நிமிடத்துக்கு 1500 முதல் 2500 சுற்றுக்குள் உருண்டு ஏறும். ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலி போகும் நான்கு வழிச் சாலையில் லாரியை முந்த வேண்டுமென்றால் 3500-க்கு மேல் தேவைப்படும். இரண்டும் வேறு வேறு தேவைகள். ஒன்றுக்குச் செய்த வேலை மற்றொன்றுக்கு உதவாமல் போகலாம்.

இரண்டாவது, இப்போது உள்ள எஞ்சினின் உடல்நிலை. மூன்றாவது, சட்டம். ஆர்சி புக்கில் இருப்பதும் பானட்டுக்குக் கீழே இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். நான்காவது, நடுவழியில் நின்றால் யார் கை வைப்பார் என்பது. திற்பரப்பிலோ அருமனையிலோ இருக்கும் மெக்கானிக் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ள முடியாத வேலையைச் செய்து வைத்தால், ஒவ்வொரு தடவையும் கட்டி இழுத்துக்கொண்டு நகரத்துக்குத்தான் போக வேண்டும்.

செலவை நான் தனியாக வைக்கவில்லை. அது இந்த நான்குக்குள்ளும் ஒளிந்திருக்கிறது.

## டர்போ வைத்தால்

சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூட்டுக் காற்றே ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் எரிபொருளும் கூட்டி எரிக்கலாம். ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூஷி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்தான்.

கணக்கு கேட்க நன்றாகத்தான் இருக்கும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). அதற்கு மேல் 6 பிஎஸ்ஐ கூட்டினால் ஏட்டுக் கணக்கில் 40 சதவீதம் கூடுதல் காற்று. ஆனால் அழுத்தப்படும் காற்று சூடாகும். நம்மூர் மதிய வெயிலில் 32 டிகிரியில் உள்ளே போகும் காற்று, 6 பிஎஸ்ஐ அழுத்தத்திலேயே ஏறத்தாழ 75 டிகிரியைத் தொட்டுவிடும். சூடான காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் அந்த 40 அப்படியே கைக்கு வராது. அதைவிடப் பெரிய சிக்கல் நாக்கிங். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ வந்து சேர்வதற்குக் காத்திருக்காமல் மீதியுள்ள சூடான கலவை தானே வெடித்து, பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கும்.

இந்த விஷயத்தில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. பல வருடங்களுக்கு முன் என் எஸ்டீமுக்கு, பழைய டர்போ ஒன்றை வாங்கி ஒரு பட்டறையில் மாட்டினேன். மூன்று மாதம் வண்டி பறந்தது. அப்புறம் ஒரு மதியம், திருநெல்வேலியிலிருந்து நான்கு பேரோடும் ஏசியோடும் திரும்பும்போது, ஆரல்வாய்மொழியை நெருங்குகையில் சூட்டு முள் ஏறியது. ஓரம் கட்டுவதற்குள் வெள்ளைப்புகை. எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருந்தது. பிரித்துப் பார்த்தால் இரண்டாவது சிலிண்டர் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து கிடந்தது. காற்றைக் கூட்டினோம், பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்டரை மாற்றவில்லை. பெட்ரோல் போதாமல் கலவை வறண்டு, சூடேறி, நாக்கிங் அடித்திருக்கிறது. ஏசிச் சத்தத்தில் எனக்கு அது கேட்கவில்லை. பட்டறைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன், இஞ்செக்டர் செலவை மிச்சம் பிடிக்கச் சொன்னது நான்தான்.

அதனால் டர்போ விலையை மட்டும் கேட்டுவிட்டு யாரும் முடிவெடுக்க வேண்டாம். கூடவே வர வேண்டியவை இவை: அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், அதற்கான குழாய்கள், பெரிய இஞ்செக்டர், எரிபொருள் பம்ப், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவைப் புதிதாக ட்யூன் செய்வது, எண்ணெய் போகவும் திரும்பவும் தனிக் குழாய், எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் புது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், பலமான கிளட்ச், நல்ல ரேடியேட்டர். ட்யூன் செய்பவர் பெரும்பாலும் நம் மாவட்டத்தில் இருக்க மாட்டார். பெங்களூரு, கோயம்புத்தூர், கொச்சி என்று வண்டியைக் கொண்டுபோக வேண்டும், ஒரு தடவையில் வேலை முடியாது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. அதே அளவு காற்றுக்கு இந்தப் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ட்யூன் செய்பவர் இதைக் கணக்கில் எடுத்தாரா என்று கேட்காமல் விடாதீர்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் அலுமினிய இன்டர்கூலரின் மெல்லிய இதழ்கள் பொடிந்துபோகும். முன்பக்கம் திறந்தபடி மாட்டினால் வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

மலையேற டர்போதான் சரி என்று சொல்பவர்கள் லடாக்கை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். அங்கே காற்று மெலிந்து எஞ்சின் மூச்சு வாங்கும், டர்போ அதை ஈடுகட்டும். நம் தோட்டங்கள் பலவும் 500 மீட்டர் உயரத்துக்குள்தான். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவது 6 சதவீதம் மட்டுமே. நம் ஏற்றத்தில் வண்டி திணறுவது காற்று இல்லாததால் என்று சொல்ல முடியாது. சரிவும் பாரமும்தான் காரணம். அங்கே 1500 சுற்றில் உடனடி இழுவை வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் பின்னால் மாட்டும் டர்போ பெரும்பாலும் அந்தச் சுற்றில் இன்னும் விழித்திருக்காது. கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைத்து மறுபடி மிதித்தால், ஒரு நொடி ஒன்றும் நடக்காமல் அப்புறம் திடீரென்று தள்ளும். ஈரச் செம்மண்ணில், பின்னால் சுமையோடு, அந்தத் திடீர்த் தள்ளல் எனக்குப் பிடிப்பதில்லை.

டீசல் வேறு கதை. டீசலில் இந்த நாக்கிங் தொல்லை கிடையாது, குறைந்த சுற்றிலேயே சிறிய டர்போ வேலை செய்யும். மஹிந்திராவின் 2523 சிசி டிஐ எஞ்சினை அந்த நிறுவனமே டர்போ இல்லாமலும் டர்போவோடும் விற்றிருக்கிறது. இப்படித் தொழிற்சாலையே டர்போ வைத்து விற்ற எஞ்சின் என்றால், பொருந்தும் மேனிஃபோல்டும் எண்ணெய்க் குழாய்களும் சந்தையில் கிடைக்கும், மெக்கானிக்குக்கும் பழக்கம் இருக்கும். அங்கும் டீசல் பம்பை அளவுக்கு மீறித் திறந்து கரும்புகை விட்டால் பிஸ்டன் உருகும். டர்போ வைத்த வண்டியில் ஏற்றம் ஏறி வந்ததும் சாவியைத் திருப்பி அணைக்கக் கூடாது, ஒரு நிமிடம் ஐடிலில் ஓட விட வேண்டும். தோட்ட வண்டியைப் பலர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். எல்லாரும் இதைச் செய்வார்களா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

## வேறு எஞ்சின் வைத்தால்

பெரிய எஞ்சினின் நல்ல குணம், மிதித்தவுடன் கொடுக்கும் என்பது. ஜிப்சியின் 1298 சிசி எஞ்சினையும் பழைய பலேனோவின் 1590 சிசி எஞ்சினையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் சுசுகியின் ஜி வரிசையைச் சேர்ந்த அண்ணன் தம்பிகள். ஜிப்சியில் பிஸ்டன் 75.5 மில்லிமீட்டர் மேலும் கீழும் போகும், பலேனோவில் 90 மில்லிமீட்டர். நீண்ட ஓட்டம் என்பதால் கீழ்ச் சுற்றிலேயே இழுவை கிடைக்கும். ஜிப்சி தன் முழு இழுவையான 103 நியூட்டன் மீட்டரை 4500 சுற்றில் கொடுக்கிறது. பலேனோ எஞ்சின் ஏறத்தாழ 130-ஐ 3000 சுற்றிலேயே கொடுத்துவிடும். தோட்டப் பாதைக்கு இது பொருத்தமான எண். டர்போவில் வரும் சூட்டுத் தொல்லையும் இல்லை.

குடும்பம் ஒன்று என்பதால் ஜிப்சி கியர் பாக்ஸ் இதோடு பொருந்தும். ஆனாலும் இது ஞாயிற்றுக்கிழமை வேலை அல்ல. பலேனோவில் எஞ்சின் குறுக்காகப் படுத்திருந்தது, ஜிப்சியில் நீளவாக்கில் உட்கார வேண்டும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப், எண்ணெய் உறிஞ்சும் குழாய், மவுண்டிங், இன்டேக், சைலன்சர் முன்குழாய் எல்லாம் மாறும். பிளாக் உயரம் கூடுவதால் பானட் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயரிங்கும் இசியூவும் அந்த எஞ்சினோடு சேர்ந்தே வர வேண்டும். வயரை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. இரண்டாவது மழையிலேயே ஒட்டுப்போட்ட இடமெல்லாம் பச்சை பூத்து, வண்டி நின்றால் காரணம் கண்டுபிடிக்கவே நாலு நாள் ஆகும்.

வேறு குடும்பத்து எஞ்சின் என்றால் சிக்கல் இரட்டிப்பு. பெட்ரோல் காரில் டீசல் எஞ்சின் வைப்பவர்கள் அடிக்கடி மறப்பது பிரேக். பெட்ரோல் எஞ்சினின் இன்டேக்கில் உண்டாகும் வெற்றிடம்தான் பிரேக் பூஸ்டரை உதவிக்கு இழுக்கிறது. டீசலில் அந்த வெற்றிடம் போதுமான அளவு வராது, தனி வேக்குவம் பம்ப் வேண்டும். அதை விட்டுவிட்டால் ஏற்றம் ஜோராக ஏறிய வண்டி இறக்கத்தில் பெடல் கல்லாகி நிற்காமல் போகும். டீசல் எஞ்சினின் பாரம் முன் ஸ்பிரிங்கை அமுக்கும், ஸ்டீயரிங் கனக்கும். ஆக்சில் கியர் பெட்ரோலுக்கென்று அமைத்தது என்பதால் நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டினாலே எஞ்சின் கதறும்.

பழைய எஞ்சினை எங்கே வாங்குவது என்பது அடுத்த தலைவலி. சென்னை புதுப்பேட்டை வரை போய் வாங்கி வந்தவர்கள் உண்டு. நாகர்கோவிலிலிருந்து 700 கிலோமீட்டர். அங்கே ஸ்டார்ட் செய்து காட்டிய எஞ்சின் இங்கே வந்து எண்ணெய் குடித்தால் திருப்பிக் கொடுக்க யார் போவது? அதனால் வாங்கிய எஞ்சினை அப்படியே மாட்டாமல் பிரித்து ரிங், பேரிங், சீல், டைமிங் பெல்ட் மாற்றும் செலவையும் முதலிலேயே சேர்த்து வையுங்கள். எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்ற காகிதமும் பில்லும் இல்லாத எஞ்சினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அது திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால், அந்த எண்ணோடு மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| பார்க்க வேண்டியது | டர்போ | வேறு எஞ்சின் |
|---|---|---|
| 1500–2500 சுற்றில் இழுவை | பெட்ரோலில் குறைவு, டீசலில் நன்று | நன்று |
| நெடுஞ்சாலையில் முந்த | மிக நன்று | எஞ்சினைப் பொறுத்தது |
| தேய்ந்த எஞ்சினுக்கு | கூடவே கூடாது | பொருந்தும் |
| மறைந்திருக்கும் செலவு | ட்யூனிங், இஞ்செக்டர், கிளட்ச், உடைந்தால் பிஸ்டன் | வயரிங், மவுண்டிங், பிரேக், வாங்கிய எஞ்சினின் ஓவர்ஹாலிங் |
| உள்ளூர் மெக்கானிக் | பெட்ரோல் என்றால் கஷ்டம் | அதே குடும்பம் என்றால் சுலபம் |
| பழைய நிலைக்குத் திருப்ப | ஓரளவு முடியும் | கடினம் |
| ஆர்சி புக்கோடு ஒத்துப்போவது | இல்லை | அதே வகை எஞ்சின் என்றால் மட்டும் |

## ஆர்சி புக் என்ன சொல்கிறது

அட்டவணையின் கடைசி வரியைத்தான் பலர் கடைசியில் பார்க்கிறார்கள். அதை முதலில் பார்க்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே 2019-இல் வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இதன்படி ஜிப்சியில் பலேனோ எஞ்சினும், டர்போ இல்லாமல் பதிவான வண்டியில் டர்போவும் பொதுச் சாலையில் தவறுதான். எஞ்சின் வீணாகிப் போனால் அதே வகை எஞ்சினை வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆர்டிஓ ஆபீசில் அனுமதி வாங்கி, புது எஞ்சின் எண்ணை ஆர்சியில் ஏற்ற வேண்டும். நாகர்கோவில் (டிஎன் 74) ஆக இருந்தாலும் மார்த்தாண்டம் (டிஎன் 75) ஆக இருந்தாலும் வேலையைத் தொடங்கும் முன் அங்கே போய் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. 15 வருடம் முடிந்து மறுபதிவுக்குப் போகும் நாளில் எஞ்சின் எண் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். நம்மில் பாதிப்பேர் ஆஸ்பத்திரிக்கும் ஏர்போர்ட்டுக்கும் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்கள். மாற்றம் செய்த வண்டிகள் விஷயத்தில் அந்தப் பக்கம் சோதனை கடுமை என்பது ஓட்டுநர்களுக்குத் தெரியும்.

எனக்கு அபராதத்தைவிட இன்சூரன்ஸ் விஷயம்தான் பயம். விபத்தில் ஒருவருக்கு அடிபட்டு, வண்டியைச் சோதிக்க வருபவர் பதிவில் இல்லாத எஞ்சினைப் பார்த்தால், கம்பெனி அதையே காரணமாக்கிக் கைவிரிக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் தோட்டத்தை விற்றுக் கட்ட வேண்டிய நிலை வரலாம். என் எஸ்டீமில் அன்று நான் இதைப் பற்றி யோசிக்கவே இல்லை. இன்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

## யாருக்கு எது

நெடுஞ்சாலையில் வேகம் வேண்டும் என்று பெட்ரோல் காருக்கு டர்போ கேட்பவருக்கு நான் சொல்வது, அந்தப் பணத்தோடு பழைய காரை விற்ற பணத்தையும் சேர்த்து, தொழிற்சாலையிலேயே டர்போ வைத்து வந்த செகண்ட் ஹாண்ட் கார் வாங்குங்கள். பிஸ்டனும் கூலிங்கும் கிளட்சும் அதற்கென்றே செய்யப்பட்டிருக்கும். பந்தயத் திடலில் மட்டும் ஓட்டும் வண்டி, முழுச் செலவுக்கும் தயார், எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது என்பவருக்கு டர்போ சரியான தேர்வு. அதில் கிடைக்கும் சந்தோஷம் வேறு எதிலும் வராது, அதை நான் மறுக்க மாட்டேன்.

வேலிக்குள்ளேயே ஓடி, பொதுச் சாலைக்கு வராத தோட்ட வண்டிக்கு ஒரே குடும்பத்துப் பெரிய எஞ்சின் நல்லது. டர்போ இல்லாத பழைய டிஐ ஜீப் அப்படி வேலிக்குள் ஓடுகிறது என்றால், அதே எஞ்சினின் டர்போ பாகங்களை வைப்பது அதைவிட எளிது. தினமும் சாலையில் ஓடும் வண்டியில் எஞ்சின் தேய்ந்திருந்தால், அதே வகை எஞ்சின் ஒன்றைக் காகிதத்தோடு வாங்கி வைப்பது, அல்லது இருப்பதையே லேத்தில் போர் செய்து எடுப்பது, இவை இரண்டுதான் நான் சொல்லும் வழி.

தம்பியின் ஜிப்சிக்கு வருகிறேன். முதலில் டயரைப் பார்த்தேன். கம்பெனி அளவு 205/70 ஆர்15. அவன் அழகுக்காக 235/75 மாட்டியிருந்தான். டயரின் விட்டம் 668 மில்லிமீட்டரிலிருந்து 733 ஆகிவிட்டது. ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதல். சக்கரம் தரையைத் தள்ளும் விசை ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்திருக்கும். அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் நிற்கும் அழுத்தம், பார்த்தோம். நான்கு சிலிண்டரில் மூன்று 170 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில், மூன்றாம் எண் சிலிண்டர் மட்டும் 120. வால்வு சரியாக உட்காரவில்லை. இந்த எஞ்சினில் டர்போ மாட்டியிருந்தால் ஒரு மாதம் தாங்கியிருக்காது.

ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொடுத்து வால்வு கிரைண்டிங் செய்து, புது கேஸ்கட், கிளட்ச் பிளேட் போட்டு, பழைய அளவு டயரையும் மாட்டினோம். இப்போது ஷீட் ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரிலேயே தோட்டத்து ஏற்றத்தை ஏறுகிறது. ஆனாலும் போன வாரம் போனில், "அத்தான், பலேனோ எஞ்சின் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு" என்றான். பில்லும், எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்ற காகிதமும் கையில் இருக்கிறதா என்று கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்தான், இன்னும் கூப்பிடவில்லை.